வெயிலின் பங்காளிகள்

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்துக் கடற்கரையிலிருந்து மேற்கே திண்டிவனம் வழியாகச் செஞ்சிக் குன்றுகள்வரை அறுபது கிலோமீட்டர் சொச்சம். சித்திரை, வைகாசியில் இந்தச் சிறிய தூரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கோடைகள் இருக்கின்றன. மரக்காணத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். செஞ்சியில் உதடு வெடிக்கும் வறண்ட அனல். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கருங்கல் குன்றுகள் இரவில் கக்குகின்றன. நடுவில் இருக்கும் திண்டிவனமும் தெற்கே விழுப்புரமும் முற்பகலில் செஞ்சியின் பக்கம் சாய்ந்து, பொழுது சாயச்சாய மரக்காணத்தின் பக்கம் வந்துவிடுகின்றன. காற்று திரும்பும் நேரத்தைப் பொறுத்தது அது.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் மேல்காற்று ஈரத்தை அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு, சரிவில் இறங்கும்போது சூடேறி வருகிறது. நண்பகலில் நிலம் கடலைவிட அதிகமாகக் காய்ந்ததும் எதிர்த் திசையிலிருந்து கடல்காற்று புறப்படும். மேல்காற்று பலமாக வீசும் நாளில் கடல்காற்று கரையோரத்திலேயே நின்றுவிடுகிறது. கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் விழுப்புரத்துக்கு அது வந்து சேர விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடலாம். சில நாள் வராமலே போகலாம். வந்தால் வெப்பம் இறங்கும், ஈரம் ஏறும். ஆகவே கடல்காற்றைக் கொண்டாடுவதிலும் ஊருக்கு ஊர் அளவு வேறு.

மனித உடம்பின் உட்சூடு 37 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை உலர வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க உலர்ந்தால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டி வீணாகிறது. இதை அளக்கத்தான் வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்க்கும் முறை வந்தது. அதில் கிடைப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. செஞ்சியில் 40 டிகிரியும் ஈரப்பதம் 30 விழுக்காடும் இருக்கும் ஒரு மதியத்தை எடுத்துக்கொண்டால் ஈரக்குமிழ் 26 டிகிரி அளவில் நிற்கும். மரக்காணத்தில் 36 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் அது 30 டிகிரியைத் தொட்டுவிடும். செய்தியில் பெரிய எண்ணாக வருவது செஞ்சி; உடம்பு அதிகம் திணறுவது மரக்காணத்தில். இந்த ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தாண்டினால் நல்ல திடகாத்திரமான மனிதனும், நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னால் இளைஞர்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது அந்த வரம்பு 31 டிகிரியை ஒட்டியே வந்துவிடுகிறது என்று தெரிந்தது.

இந்த நிலத்தின் கோடைக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லும் 269 அடிப் பாட்டு. பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் அடங்கியது. பாட்டில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பக்கம் வைத்துப் பார்க்கிறார்கள். பாட்டு தொடங்குவதே கடும் வேனிலில், பாலை வழியில், இலையடர்த்தி இல்லாத கடம்ப மரத்தின் கோடுகோடான நிழலில் பாணர் கூட்டம் களைத்து உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். பிறகு அது காட்டும் ஊர்களில் வெயில் ஒரே மாதிரி விழுவதில்லை. கடற்கரைப் பட்டினத்தில் வழிப்போக்கருக்குத் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. வேட்டுவர் ஊரான வேலூரில் வெயிலில் வாடிக் கொதிக்கும் குடிசைக்குள்ளிருந்து வேட்டுவப் பெண்கள் புளிச்சோறும் இறைச்சியும் தருகிறார்கள். வயல் சூழ்ந்த ஆமூரில் குத்திப் புடைத்த அரிசிச் சோறும் நண்டும். வெயில் ஒன்றாக இருக்க, அதற்குள் இருப்பவனின் தொழிலும் கூரையும் சோறும் வேறு வேறு என்பதைப் புலவர் அழுத்திச் சொல்லவில்லை. அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போகிறார். இலக்கண நூலோர் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வகுத்து அதைப் பிரிவுக்கு ஒதுக்கியதில் ஒரு சார்பு இருக்கிறது: வீட்டு நிழலில் காத்திருப்பவளும் வெயிலில் நடந்துபோகிறவனுமான இருவரின் பார்வை அது. குடிசைக்குள் புளிச்சோறு ஆக்கியவளுக்கு நண்பகல் என்பது அடுப்பு நேரம்.

இன்று இந்தப் பகுதியில் வெயிலோடு மிக நெருங்கிய உறவு உள்ளவர்கள் மரக்காணத்து உப்பளக்காரர்கள். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியை ஒட்டி, கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் பக்கத்தில் விரியும் பாத்திகளில் தை, மாசியில் தொடங்கும் வேலை கோடையில் உச்சத்துக்கு வருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் அளவுக்கு உப்புகள் கரைந்திருக்கின்றன. அது பாத்தி பாத்தியாக மாறி, பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் சமையலுப்பு படியத் தொடங்கும். அந்த நேரம் பாத்தியின் மேற்பரப்பில் பாலாடைபோல ஓர் ஏடு மிதக்கும். கிட்டே குனிந்து பார்த்தால் அந்த ஏடு சிறுசிறு சதுரக் கிண்ணங்களாக இருப்பது தெரியும். எடை கூடியதும் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். அதற்கு மேலும் சுண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். ஆகவே எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். நீளமான கம்பில் பலகை கோத்து, வெறுங்காலோடு பாத்திக்குள் நின்று, அடியில் படிந்ததைக் கிளறி வரப்புக்கு இழுப்பார்கள். வெயில் மேலிருந்து ஒரு முறை, வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்து இன்னொரு முறை அடிக்கிறது. தலையில் துண்டு கட்டியிருப்பவருக்கும் தாடைக்குக் கீழே கறுத்துவிடுவது அதனால்தான். காலில் வெடிப்பு இருந்தால் உவர்நீர் அதைப் புண்ணாக்கிவிடும். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். மூட்டை பிடித்து லாரியில் ஏற்றும் நாளில் அது முடியாது.

இவர்கள் வெயிலை வெறுக்க முடியாது. வானம் மூடினால் உப்பு விளையாது. கோடை மழை ஒரு மணி நேரம் பெய்தால், திண்டிவனத்தில் எள் போட்டிருப்பவர் கும்பிடுவார். மரக்காணத்தில் பத்து நாள் வேலை கரைந்துபோகும். ஊரே திட்டும் மேல்காற்று உப்புக்கு நல்ல காற்று, ஏனென்றால் வறண்ட காற்று நீரை வேகமாக எடுத்துக்கொள்கிறது. தொழிலாளியின் முதுகுக்கும் பாத்திக்கும் ஒரே விதிதான்: காற்றில் ஈரம் ஏறிய நாளில் வியர்வையும் உலராது, உப்பும் விளையாது. உடம்பு படும் பாடு கூடுகிற அதே நாளில் வரும்படி குறைகிறது. நல்ல உப்பு நாள் என்பது உடம்புக்கும் ஓரளவு தாங்கும் நாள் என்று இதைத் திருப்பியும் சொல்லலாம். ஆனால் அன்றைக்குத்தான் வேலை அதிகம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களில் செய்த ஆய்வு, பெரும்பாலான தொழிலாளர்கள் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வதையும் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் காட்டியது. பெண்களுக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. மறைவிடம் இல்லாத வெட்டவெளியில் வேலை என்பதால் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். தாகத்தைவிட நீர்க்கடுப்பு அவர்களை அதிகம் வாட்டுகிறது.

வெயிலைக் கூலி வாங்காத ஆளாக வைத்து வேலை வாங்குகிறவர்கள் இன்னும் பலர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. இரக நிலக்கடலைகள் நாடெங்கும் பேர்போனவை, டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940இல். மார்கழிப் பட்டத்துக் கடலையைப் பிடுங்கிக் களத்தில் கொட்டும்போது பங்குனி, சித்திரை வெயில் தயாராக இருக்க வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும். ஈரம் 8, 9 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகிவிடும். விழுப்புரத்தை அடுத்த அய்யூர் அகரத்தில் காகிதக்கூழ் பிள்ளையார்கள் ஆவணிக்காக இந்த வெயிலில்தான் காய்கிறார்கள். கடற்கரைக் குப்பங்களில் கருவாடு, தென்பெண்ணை ஓரத்தில் அறுத்து அடுக்கிய பச்சைச் செங்கல், மாடிகளில் பழைய வேட்டியில் பிழிந்த வடகம். காக்கை விரட்டும் வேலை சிறுபிள்ளைகளுக்கு.

பனையும் இந்தக் கணக்கில் வரும். விக்கிரவாண்டி, நரசிங்கனூர் பக்கத்துப் பனையேறிகளுக்கு மாசி தொடங்கி ஆனி முடிய பாளை சீவும் காலம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடியும் பதநீர் காலை இளவெயிலோடு விற்றுத் தீர வேண்டும். வெயில் ஏறினால் புளிக்கும், புளித்தால் கள். கள்ளுக்கு 1987 முதல் தடை. வெயில் ஒரே பானத்தைச் சில மணி நேரத்தில் சட்டப்படியானதிலிருந்து குற்றமாக்கிவிடும் விந்தை இங்கே உண்டு. நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, மரக்காணம் மணற்பாங்கில் விளையும் தர்பூசணி எல்லாம் திண்டிவனம் புறவழிச்சாலை ஓரத்தில் கீற்றுக் கொட்டகைகளில் குவிகின்றன. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கி ஒரு துண்டு தர்பூசணி தின்றுவிட்டு ஏறுகிறவருக்குக் கோடை ஐந்து நிமிடச் சுவை. அதை அறுத்துக் கொடுப்பவருக்குக் கோடை காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை. கூழ் வண்டியில் கம்மங்கூழும் மோர்மிளகாயும் மாங்காய்க் கீற்றும் வாங்கி நின்றபடி குடிக்கும் சுமைத்தொழிலாளி அதைச் சுவைக்காகவும் குடிக்கிறார்தான். ஆனால் மோரும் உப்பும் கலந்த அந்தச் சொம்பு அவர் இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தருகிறது என்பதே அந்த வண்டி அங்கே நிற்பதற்குக் காரணம்.

பகல் வெயிலைத் தீர்மானிப்பது வேலை என்றால் இரவு வெக்கையைத் தீர்மானிப்பது கூரை. கீற்றும் பனையோலையும் வேய்ந்த வீட்டில் மதியம் குளுமை. வெளியே காற்று ஆறியதும் உள்ளேயும் ஆறிவிடும். அதன் பெருமையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில் குடியிருப்பதில்லை. பங்குனிக் காற்றில் அடுப்புப் பொறி ஒன்று பறந்தால் ஒரு தெருவே போய்விடும் என்ற அச்சத்தோடுதான் கூரை வீட்டார் கோடையைக் கழித்தார்கள். 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டமும் அதற்கு முன்னும் பின்னும் வந்த திட்டங்களும் குடிசைகளைக் கான்கிரீட்டாக மாற்றின. தீ பயம் போயிற்று, வேறொன்று வந்தது. கான்கிரீட் தளம் வெயிலை மெல்ல வாங்கி மெல்ல விடுகிறது. வெளியே காற்று ஆறிய பிறகும் இரவு வெகுநேரம் அறைக்குள் வெக்கை நிற்கும். தளத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டால் அடுப்பை அணைத்த தோசைக்கல்லின் சூடு இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டை எடுத்துக் கீழே படுத்திருப்பவர் மேல் வீசும். அந்தி மங்கியதும் மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவதும், சித்திரைக்கு முன் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவதும் அதனால். மாடிப்படி இல்லாத ஓரறை வீட்டில் அந்த வசதியும் கிடையாது. வயது வந்த பெண்பிள்ளைகள் வெளியே படுக்கக் கூடாது என்பதால் கதவடைத்த அறைக்குள்ளேயே கிடக்கிறார்கள். வீட்டிலேயே அதிக வெக்கை அவர்களுக்குத்தான்.

இத்தனைக்கும் நடுவில், ஊர் கூடி மகிழ்வதும் இதே மாதங்களில்தான். அறுவடை முடிந்து வயல் காலியாகிவிட்டது, அடுத்த மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. கையில் நேரமும் ஓரளவு காசும் இருக்கும் காலம் கோடை. திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலக்கோயில் செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் இருப்பதாக வழிபடுவோர் கொள்கிறார்கள். அந்த வழிபாட்டைப் பற்றி அல்ஃப் ஹில்டெபைடல் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த வட்டாரத்திலிருந்துதான் தொடங்குகிறது. திருவிழா வெயிலுக்குத் தகுந்தபடி தன் நாளை வகுத்துக்கொண்டிருக்கிறது. பிற்பகலில் பந்தல் நிழலில் பாரதப் பிரசங்கம். கேட்கிறவர்களில் பாதிப் பேர் தூண் ஓரமாகச் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை. இரவு பத்து மணிக்குமேல் விடியவிடியக் கூத்து. மரக்கட்டை அணிகலன்களும் புஜக்கட்டையும் கிரீடமும் பாவாடைபோல் விரியும் உடுப்பும் போட்டு ஆடும் துரியோதனன் உச்சி வெயிலில் ஆடினால் மயங்கி விழுவார். கடைசி நாள் அந்தியில் தீமிதி. காய்ந்த நிலத்தில், இத்தனை நாள் வெயிலைத் தவிர்த்துக்கொண்டிருந்த உடம்பு, தானே விரும்பிக் கங்கில் இறங்குகிறது. பிறர் கொடுத்த சூட்டையும் தான் ஏற்ற சூட்டையும் மனிதர்கள் ஒன்றாக எண்ணுவதில்லை. பள்ளி விடுமுறையில் மதியம் ஒரு மணிக்குப் பாசனக் கிணற்றில் குதிக்கும் பையன்களும் அப்படித்தான். அவர்களை அந்த வெயிலில் கடைக்கு அனுப்பினால் முணுமுணுப்பார்கள்.

வெயிலைத் தேடி வந்தவர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட, பல நாட்டவர் கூடி வாழும் ஆரோவில்லின் நிலம் பெரும்பாலும் வானூர் வட்டத்தில் இருக்கிறது. வடக்கு ஐரோப்பாவில் மார்கழியில் பகல் ஏழெட்டு மணி நேரம்தான். வெளிச்சக் குறைவால் மனச்சோர்வு பருவந்தோறும் வருவதை 1984இல் நார்மன் ரோசந்தால் நோயாகவே வரையறுத்தார். ஒளியால் தோல் காசநோய்க்கு மருத்துவம் செய்ததற்கு டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். அப்படிப்பட்ட நாடுகளிலிருந்து வருகிறவர் கடற்கரையில் முதுகைக் காட்டிக் கிடப்பதை உள்ளூரார் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். உள்ளூரார் கறுத்துவிடுவோம் என்று குடை பிடிப்பது வந்தவருக்கு வேடிக்கை. இரண்டு பக்கமும் கொஞ்சம் சாதி, வர்க்க வாடை உண்டு. அங்கே வெயிலில் பழுத்த தோல் விடுமுறை எடுக்க முடிந்தவரின் அடையாளம், இங்கே கறுத்த தோல் வயலில் நிற்பவரின் அடையாளம். ஆனால் ஆரோவில்லில் தங்கிவிட்டவர்களின் கதை வேறு. மண் அரித்துச் செம்பள்ளங்களாகக் கிடந்த மேட்டில் அவர்களும் சுற்றுக் கிராமத்தாரும் சேர்ந்து முதலில் செய்த வேலை மரம் வைத்ததுதான். இன்று அது அடர்ந்த காடு. வெயில் நாட்டுக்கு வந்தவர்கள் நிழலை உண்டாக்கித்தான் அங்கே நிலைத்தார்கள். வந்துபோகிறவர்களின் கூட்டம் இப்போதும் பங்குனியில் வடிந்துவிடுகிறது.

பழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதிலும் தெளிவு வேண்டும். வெப்பத்தில் தொடர்ந்து வேலை செய்தால் பத்துப் பதினான்கு நாளில் உடம்பு முன்கூட்டியே வியர்க்கவும் வியர்வையில் உப்பைக் குறைத்துவிடவும் கற்றுக்கொள்கிறது. 2003 கோடையில் ஐரோப்பாவில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் முதியவர்கள், விழுப்புரத்தார் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில் இறந்துபோனதற்கு இந்தப் பழக்கமின்மையும் ஒரு காரணம். ஆனால் "நமக்கெல்லாம் பழகிப்போச்சு" என்பது பாதி உண்மை. முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சர்க்கரை, இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் சரியாக வேலை செய்வதில்லை. மேலே சொன்ன ஸ்ரீ ராமச்சந்திரா குழுவினர் தமிழ்நாட்டுக் கர்ப்பிணித் தொழிலாளர்கள் 800 பேரிடம் செய்த ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அவர்கள் பிறந்ததிலிருந்து இந்த வெயிலில் வாழ்கிறவர்கள்தாம்.

அரசின் அளவுகோல் இந்த வேறுபாடுகளில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி வேண்டும், கடற்கரையில் 37 போதும். இரண்டிலும் பொதுவாக வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஒரே மாவட்டத்தில் செஞ்சிக்கு ஒரு கோடு, மரக்காணத்துக்கு ஒரு கோடு. கூரைக்கும் கூலிக்கும் ஏற்றபடி கோடு கிடையாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வகுத்தது. உப்பளத் தொழிலாளருக்கு 2022 முதல் ஆண்டுக்கு 5000 ரூபாய் நிவாரணம் உண்டு. அது வேலை இல்லாத மழை மாதங்களுக்கானது. உப்பளத்தில் ஆள் சுருண்டு விழும் மாதங்கள் வேலை உள்ள மாதங்கள். வரப்பு ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பானைத் தண்ணீர், பெண்களுக்கு ஒரு கழிப்பறை: கோடைக்காக அங்கே முதலில் செய்ய வேண்டியவை இந்த மூன்றும்தான், இவற்றுக்குப் பெரிய செலவும் கிடையாது.